குடிக்காதவரின் கணையம்

டாக்டர், என் வீட்டுக்காரரைக் குடிகாரர் என்று ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள்தான். அது பொய்.

சென்ற மாதம் சமூக மன்றத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினீர்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சின் நடுவில் கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஒரு கதை சொன்னீர்கள். "அந்தக் காலத்துல சிராங்கூன் ரோட்டுல ஒரு ஜவுளிக்கடை ஆளு. ஒரு பக்கம் என்கிட்ட ஊசி போட்டுக்குவாரு, இன்னொரு பக்கம் கள்ளுக்கடைக்குப் போவாரு. குடிச்சே கணையத்தைக் கல்லாக்கிட்டாரு. நடுரோட்டுல ஆடிக்கிட்டு நிப்பாரு." கூட்டம் சிரித்தது. பேர் சொல்லவில்லை, ஆகையால் தப்பில்லை என்று நினைத்திருப்பீர்கள். என் பக்கத்தில் என் மகள் இருந்தாள். அப்பா போனபோது அவள் சிறு பிள்ளை. திரும்பி வரும் பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, அப்பா குடிப்பாரா?"

அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. கோபத்தோடுதான் உட்கார்கிறேன். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல வருகிறது. வருகிறபடியே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் மரப்பலகை மேடை போட்டு வெள்ளை விரித்திருப்பார்கள். ஆட்கள் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலைகளைப் பிரித்துப் போடுவார்கள். பொழுது சாயும் நேரம் வாசலுக்கு மேலிருந்த வண்ணக் கண்ணாடி வழியாகப் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் இறங்கி அந்த வெள்ளை விரிப்பில் விழும். அவர் ஒரு சேலையை உதறினால் அந்த வெளிச்சத்தையும் சேர்த்து உதறுவது போல இருக்கும். தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வரும்போது எதிர்ப்புறம் நின்று பார்ப்பேன். பையில் மீன் இருப்பதுகூட மறந்துபோகும்.

அவர் எப்போதும் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பார். ஒரு திண்டை மடியில் வைத்து வயிற்றை அதன்மேல் அழுத்திக்கொண்டு, வந்தவர்களை நிமிர்ந்து பார்ப்பார். வாங்க வந்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள். முதலாளிக்கு அதில் பெருமை. "நம்ம ஆளு மாதிரி மரியாதையா ஒக்காரச் சொல்லுங்க பாப்போம், எவனுக்கு வரும்?" என்று மற்றக் கடைக்காரர்களிடம் சொல்வார்.

அது வலி. சின்ன வயதிலிருந்தே இருந்த வலி. தொப்புளுக்கு மேலே தொடங்கி முதுகுக்குப் போய்விடும். "உள்ளுக்குள்ள எவனோ துணி பிழியிறான் புள்ள. குனிஞ்சா கொஞ்சம் விட்டுடுறான்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பிறகு ஒரு காலம் வந்தது. வலி குறைந்தது, தாகம் பிடித்தது. நாங்கள் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் பலகைத் தடுப்பு அறையில் இருந்தோம். கூஜா நிறையத் தண்ணீர் வைத்தால் படுக்குமுன் காலி. குளிக்கும் இடத்தில் எறும்பு வரிசை போனது. சட்டை அவர்மேல் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. அப்போதுதான் உங்கள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிவந்தேன்.

நீங்கள் ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிக் குழாயைக் காய்ச்சினீர்கள். நீல மருந்து பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. "சர்க்கரை" என்றீர்கள். அதுவரை சரி. அதில் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

எங்களுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர் பெரிய உடம்புக்காரர். நாற்காலியிலிருந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். அவருக்கும் சர்க்கரை. அவருக்குச் சொன்ன பத்தியத்தையே என் வீட்டுக்காரருக்கும் சொன்னீர்கள். சோறு கூடாது. கோதுமைக் கஞ்சி, பாகற்காய்ச் சாறு, அரை வயிறு. என் வீட்டுக்காரரின் சட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் விலா எலும்பு தெரிந்திருக்கும். நீங்கள் தூக்கவில்லை. நான் நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். அவர் பசியோடு என் முகத்தைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

சர்க்கரை குறையவில்லை என்று ஊசி எழுதினீர்கள். எங்களிடம் ஐஸ் பெட்டி கிடையாது. மருந்துக் குப்பியைக் கீழே இருந்த சர்பத் கடைக்காரர் தன் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆரஞ்சு பாட்டில்களுக்கு நடுவில் அது கிடக்கும். காலையில் இறங்கிப் போய் எடுத்துவருவேன். கையில் ஒரு சொட்டு பனி மாதிரி இருக்கும். கண்ணாடி ஊசியைப் பால் சட்டியில் கொதிக்கவைப்பேன். அந்தக் காலைகள் எல்லாம் ஒரே காலை மாதிரி நினைவில் இருக்கின்றன. ஆவி, கடைகளுக்கு முன்னால் ஐந்தடி வழியில் பூ தொடுப்பவர்களின் ஈரச் சாக்கு, மாட்டுக் கொட்டில் வாடை, அவருடைய ஒல்லித் தொடை.

அதன்பிறகு அவர் ஆடத் தொடங்கினார்.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். ஓடினேன். அவர் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேர்வை சொட்டுகிறது. கண் என்மேல் இருக்கிறது, பார்வை இல்லை. கையால் காற்றை மடித்துக்கொண்டிருந்தார், சேலை மடிப்பது போல.

"என்னாங்க, என்ன பண்றீங்க?"

"தண்ணியாப் போகுது புள்ள. எல்லாச் சேலையும் தண்ணியாப் போகுது. கரை எது, முந்தி எதுன்னு தெரியல. பிடி, பிடி, கால்வாய்க்குப் போயிடும்."

சுற்றி ஆட்கள். ஒருவன் சொன்னான்: "அண்ணன் மத்தியானமே கப்பல் ஏறிட்டாரு லா!" இன்னொருவன்: "துறைமுகம் எந்தப் பக்கம்னு கேளுடா!" சிரிப்பு. நான் சர்பத் கடையிலிருந்து சீனித் தண்ணீர் வாங்கிவந்து அவர் வாயில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் பார்வை வந்து உட்கார்ந்தது. "நான் எங்க போயிருந்தேன்?" என்று என்னிடம் கேட்டார். தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. அழகாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் போய்வந்த இடம் நல்ல இடம் போலத் தோன்றியது. ஆனால் திரும்பாமல் போய்விடுவாரோ என்று அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இனி கள்ளுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆப்பம். மாவு புளிக்க ஒரு கிண்ணம் கள் ஊற்றவேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம், சோடா மாவு போட்டால் எனக்குப் பிடிக்காது. கள்ளுக்கடைக்குப் பெண்பிள்ளை போகமுடியாது. அவர்தான் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்னப் போத்தலோடு வரிசையில் நிற்பார். அனுப்பியவள் நான். அதற்காக வருத்தப்பட மாட்டேன், அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த வரிசையில் அவர் நின்றதைக் காரில் போகும்போது நீங்கள் பார்த்தீர்கள்.

அடுத்த முறை உங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கேட்டீர்கள்: "எத்தனை வருஷமா?"

"எது டாக்டர்?" என்றார்.

"நடிக்காதீங்க. வயித்து வலி, முதுகுக்குப் போகுது, அதோட சர்க்கரை. புஸ்தகத்துல இருக்கு. குடிகாரன் கணையம். நானே கண்ணால பாத்தேன் உங்களைக் கள்ளுக்கடையில."

"அது ஆப்ப மாவுக்கு டாக்டர்."

நீங்கள் சிரித்தீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "ஆப்ப மாவுக்காம்! கேட்டுக்குங்க!" என்றீர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

நான் சொன்னேன்: "அவரு குடிக்கிறதில்ல டாக்டர். ஊசி போட்டா இப்படி ஆயிடுது. சீனித் தண்ணி குடுத்தா தெளிஞ்சிடுறாரு. கள்ளு குடிச்சவன் சீனித் தண்ணில தெளிவானா?"

"இந்தாம்மா, நீ டாக்டருக்குப் படிச்சியா? முதல்ல குடியை நிறுத்தச் சொல்லு. அப்புறம் வா."

அவர் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கோபமே வராத மனிதர். வழியெல்லாம் எனக்காகவும் அவருக்காகவும் நான் ஒருத்தியே கோபப்பட்டுக்கொண்டு நடந்தேன்.

உங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் கடைக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி நல்லவர்தான், ஆனால் பயந்தவர். "தம்பி, பொம்பளைங்க வர்ற கடை. டாக்டர் வாயால ஒரு வார்த்தை, 'குடிக்கிறவரில்ல'ன்னு சொல்லச் சொல்லு. போதும். நான் யாருக்கும் பதில் சொல்லிக்குவேன்" என்றார். உங்களிடம் நானே வந்து கேட்டேன். கதவருகில் நின்றபடியே, "பொய் சொல்லச் சொல்றியா?" என்றீர்கள். அவர் அந்த வெள்ளை விரிப்பில் பிறகு உட்காரவில்லை. ஒரு காய்கறிக் கிடங்கில் வெங்காயம் தரம் பிரிக்கப் போனார். கிடங்கில் குனிந்து உட்கார்ந்தால் யாரும் பணிவு என்று சொல்லவில்லை.

அறுபதுகள் வந்தன. எங்களுக்குப் புக்கிட் மேரா பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைத்தது. முதல் நாள் சன்னலைத் திறந்தபோது காற்று உள்ளே வந்து பிள்ளைகளின் முடியைக் கலைத்தது. மேகத்தில் குடியேறிவிட்டோம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். விளக்குப் போட்டால் எரிகிறது, குழாயைத் திருகினால் தண்ணீர், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. பழைய கடைவீட்டில் வாளிக் கக்கூஸ். போனோம், வந்தோம், வாளிக்காரர் எடுத்துப்போவார். யார் என்ன போனார்கள் என்று யார் பார்த்தது? இங்கே சங்கிலியை இழுத்தால் தண்ணீர் இரைச்சலோடு வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகும். பிள்ளைகள் சும்மாவே இழுத்து விளையாடினார்கள்.

ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை. சில நேரம் இழுத்தாலும் போகாது. வெளுத்துப்போய், எண்ணெய் படிந்து மிதக்கும். தண்ணீர் அடங்கியதும் மறுபடி மேலே வந்து நிற்கும். நாற்றம் சகிக்காது. புது வீட்டில் கெட்டுப்போன தண்ணீர்ப் பெட்டியை மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். பழுது பார்க்க ஒரு மலாய்க்காரர் வந்தார். இழுத்தார். ஒரு வாளி ஊற்றினார். மறுபடி இழுத்தார்.

"பாகுஸ், காக்கா. எல்லாம் பாகுஸ்" என்றார். நல்லாத்தான் இருக்கிறது, அக்கா என்று அர்த்தம்.

"என்ன பாகுஸ்? காலையில வந்து பாரு!"

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். பிள்ளைகள் போனால் போகிறது. நான் போனால் போகிறது. அவர் போய்வந்த பிறகுதான் மிதக்கிறது. பெட்டியில் கோளாறு இல்லை. சாப்பிட்ட எண்ணெய் எல்லாம் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாக வாளிக்குள் யார் கண்ணிலும் படாமல் போயிற்றோ.

இதைப் போய் யாரிடம் சொல்வது? அவருக்கு வெட்கம். எனக்கு இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சீனப் பெண் டாக்டர். மொழிபெயர்க்க ஒரு நர்ஸ், யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். வெள்ளை உடுப்பில் காகித மடிப்பு போல நின்றார்.

"அம்மா, டொக்டர் கேக்கிறா, முதல்ல வந்தது சர்க்கரையோ, வயித்து நோவோ?"

"வலிதான். சின்னப் பிள்ளையிலேர்ந்து."

"குடிக்கிறவரோ?"

"கிடையாது. நம்பினா நம்புங்க, இல்லாட்டி நாங்க போறோம்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "ஏன் கோவிக்கிறியள்? எல்லாரிட்டயும் கேக்கிற கேள்விதான். அவர் சொல்லட்டும்."

"இல்லீங்க" என்றார் அவர்.

"சரி. வயித்தாலை போறது எப்படி? வெட்கப்படாமச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். மிதப்பதையும், எண்ணெயையும், மலாய்க்காரர் வந்துபோனதையும் சொன்னேன். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்துவந்து அவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அந்த ஒரு செயலுக்காக அந்தம்மாவை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இருட்டறையில் விளக்குப் பெட்டிமேல் அந்தப் படத்தை மாட்டியபோது நானும் பார்த்தேன். அவருடைய எலும்புகள் புகை மாதிரி. முதுகெலும்புக்குக் குறுக்கே, வானத்தில் ஒரு ஓரமாகச் சிதறிய நட்சத்திரங்கள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவருக்குள் இப்படி ஒரு ஆகாயம் இருந்தது எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் அந்த உடம்பின் பக்கத்தில் படுத்திருந்தேன்.

"அது கல்லு" என்றார் நர்ஸ். பிறகு டாக்டர் சொல்லச் சொல்ல, அதை அவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். சர்க்கரை என்றால் எல்லாம் ஒன்றில்லை. உடம்பு பெருத்தவர்களுக்கு நடுவயதில் மெல்ல வருவது ஒன்று. அவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் நல்லது. ஒல்லிப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வருவது இன்னொன்று. ஊசி இல்லாவிட்டால் மூச்சில் பழ வாடை அடித்து மயங்கிவிடுவார்கள். இவருக்கு இரண்டும் இல்லை. இவருக்குக் கணையம் என்ற உறுப்பே காய்ந்து கல் விழுந்துவிட்டது. வலி முதலில், சர்க்கரை பிறகு. சோற்றையும் எண்ணெயையும் கரைக்கிற நீர் அங்கிருந்துதான் வரவேண்டும், அது வருவதில்லை. அதனால்தான் மிதக்கிறது.

"ஊசி போட்டா ஏன் இப்படி ஆடுறாரு?"

"சர்க்கரை இறங்கினா ஏத்திவிடுற சாமானும் அதே இடத்திலதான் அம்மா இருக்கு. அதுவும் போயிட்டுது. இறங்கினா இறங்கினதுதான். ஊசி கொஞ்சமாப் போடவேணும், பிரிச்சுப் பிரிச்சுப் போடவேணும். இவரைப் பட்டினி போட்டது ஆர்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறவங்களுக்குத்தானே இது வரும்னு சொன்னாங்க" என்று அவர் கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அன்றுதான்.

நர்ஸ் கேட்டுச் சொன்னார்: "குடிக்கிறவைக்கும் வரும். வெப்ப நாட்டுச் சனத்துக்கு, ஒரு துளி தொடாதவைக்கும் சின்ன வயசில வருகுதாம். ஏனெண்டு இன்னும் சரியாத் தெரியாதாம். தெரியாதெண்டுதான் டொக்டர் சொல்லுறா."

தெரியாது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கணையத்திலிருந்து வராத நீருக்குப் பதிலாக, சாப்பாட்டோடு கலந்துகொள்ள ஒரு பொடி கொடுத்தார்கள். கசப்பு, ஒரு மாதிரி வாடை. சோறு சாப்பிடச் சொன்னார்கள். அன்று வடித்த சோற்றின் ஆவி அந்த மேக வீடு முழுக்க நின்றது. அவர் மெதுவாகச் சாப்பிட்டார். நானும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து ஏதோ சினிமா பார்ப்பது போலப் பார்த்தோம். மாதங்கள் போகப்போகக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஆட்டம் அடங்கியது. சாயங்காலம் சன்னல் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்வார். துறைமுகத்துப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூக்கும். மகள் அவர் மடியில் தூங்கிப்போவாள். அது எனக்கு நடந்ததா, நான் கண்ட கனவா என்று இப்போது தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கி அந்தப் படத்தை உங்களிடம் கொண்டுவந்தேன், டாக்டர். மறந்துவிட்டீர்களா? சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தீர்கள். கணையத்தில் கல் என்று நீங்களே சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சின்ன வயது வலி, எண்ணெய், ஊசி, தொடாதவர்களுக்கும் வரும் என்பது, எல்லாம். படத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். "கல்லு இருக்குல்ல? நான் சொன்னது சரிதானே" என்றீர்கள். பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நீங்கள் பாதி சரி. மீதிப் பாதியை நீங்கள் கேட்கவே இல்லை.

அறுபதுகளின் கடைசியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் அவர் போனார். பலவீனமான உடம்பு, தாங்கவில்லை. சாவு வீட்டுக்குப் பழைய முதலாளி வந்தார். வாசலில் நின்று யாரிடமோ சொன்னார்: "நல்ல மனுஷன். இந்தக் குடிதான்." என் காதில் விழுந்தது. அன்று அடக்கம் முடியட்டும் என்று இருந்தேன். இன்று என் மகள் கேட்கிறாள்.

அவளிடம் "குடிக்கமாட்டார்" என்று சொன்னேன். "டாக்டரே சொன்னாரேம்மா" என்றாள். அவள் என்னை நம்பாமலில்லை. பெண்டாட்டி சொல்வதற்கும் டாக்டர் சொல்வதற்கும் இருக்கிற எடை அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். எனக்கும் தெரியும். அதனால்தான் நான் சொல்லிப் பயனில்லை. நீங்கள் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்கு வந்து காதோடு மன்னிப்புக் கேட்கவேண்டாம், தொலைபேசியில் கூப்பிடவேண்டாம். நீங்கள் மறுபடியும் மேடை ஏறுவீர்கள். அன்று நானும் மகளும் முன்வரிசையில் இருப்போம். அதே கூட்டத்துக்கு முன்னால், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். அவர் குடித்ததை நீங்கள் எங்கே, எப்போது பார்த்தீர்கள்? வரிசையில் நின்றதைத் தவிர வேறு என்ன பார்த்தீர்கள்? பார்க்கவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.